அக்காவின் புகைக்குழாயும் தம்பியின் சைன் அலையும்

கணக்கு வாத்தியாராகிய என் அன்புத் தம்பிக்கு,

பட்டறையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். அதிலும் நீ, இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையிலாவது நலமாக இருக்க வேண்டும். உனக்கு வசவு நிறைய வைத்திருக்கிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வியாழக்கிழமைப் பரீட்சைக்கு நான் போகப் போவதில்லை. பத்தொன்பது வருஷம் தகடு வெட்டியவளுக்கு போர்மேன் நாற்காலிமேல் ஆசை இல்லையா என்றால், இருக்கிறது, கொள்ளை ஆசை இருக்கிறது. ஆனால் சைன், காஸ் பாடத்தில் தேறினால்தான் நாற்காலி என்று முதலாளி சொல்லிவிட்டார். நானும் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டேன். நீ அனுப்பிய நோட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீதான். "அக்கா, ஒரு குழாயைச் சாய்வா வெட்டி விரிச்சுப் பாரு, ஓரம் அப்படியே சைன் அலையா இருக்கும். நீ தினமும் வெட்டறதே அதுதான்" என்று போனில் சொல்லி என்னை உச்சி குளிர வைத்தது நீதானே? நானும் பழைய அட்டை அச்சுகளை மூலையில் போட்டுவிட்டு, ரொட்டிக்கடைப் புகைக்குழாயின் எல்போவை உன் சூத்திரப்படியே வரைந்தேன். எல்போ என்றால் குழாய் முழங்கைபோல மடங்கும் இடம். சாய்வாக வெட்டிய இரண்டு துண்டுகளை வாயோடு வாய் வைத்து இணைப்பது. முதல் தடவை வீச்சை இரண்டால் பெருக்கிவிட்டேன். "வீச்சுன்னா அலையோட உயரம், அவ்வளவுதான்" என்றாய். அவ்வளவுதானா? சுவர்ப் பக்கம் திரும்ப வேண்டிய குழாய் அளவுக்குமேல் மடங்கி, கீழே ரொட்டிக்கடைக்காரர் முகத்தைப் பார்த்து நின்றது. அடுப்பை மூட்டியதும் மனிதர் கறுத்துப்போனார். "ரொட்டி கருகலாம்மா, நான் கருகக் கூடாது" என்றார். அடுத்த தடவை சைனுக்கு உள்ளே ஒரு இரண்டைப் போட்டுவிட்டேன். ஒரு சுற்றுக்கு ஓர் அலை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு அலை வந்து, சுருட்டினால் வாயில் இரண்டு மேடு, இரண்டு பள்ளம். முதலாளி அதில் குடைகளைப் போட்டு வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "எங்க வருங்கால போர்மேன் செஞ்சது" என்று காட்டிக்கொண்டிருக்கிறார். மூன்றாம் தடவை, கடைசியில் கூட்ட வேண்டிய எண்ணை அதிகமாகக் கூட்டினேன். அலை மாறவில்லை, மொத்தமாக மேலே ஏறிக் குழாய் ஒரு சாண் நீண்டுவிட்டது. அதை மட்டும் அடியில் நறுக்கிச் சமாளித்தேன்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? சுவரில் ஒட்டியிருந்த சைன் அலையை உன் அத்தான் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது என்ன, உன் கோபமா? இருக்காதே, அது கீழ இறங்கினதே இல்லையே" என்றார்.

இன்று காலை நடந்ததுதான் உச்சம். இன்னோர் எல்போவுக்கு முதல் துண்டை அலையின் உச்சியிலிருந்து தொடங்கி வரைந்தேன். நடுவில் தேநீர் குடித்துவிட்டு வந்து, இரண்டாவதை நடுக்கோட்டிலிருந்து தொடங்கிவிட்டேன். வெட்டிய பிறகுதான் தெரிகிறது, ஒன்று காஸ், மற்றது சைன்! ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் கால் அலை தள்ளி நிற்கிறது. தகட்டைச் சுருட்டும் மிஷின்காரர் எட்டிப் பார்த்து, "ரெண்டும் ஒரு தாய் பிள்ளையாத் தெரியலையேம்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டையும் முதலாளி கண்ணில் படாமல் சுவரில் சாய்த்துவிட்டு வந்துவிட்டேன். "அலைக்கு ஆரம்பம்னு ஒண்ணு கிடையாதுக்கா, நீ எங்க தொடங்கறியோ அதுதான் ஆரம்பம்" என்று பெரிய ஞானி மாதிரி சொன்னாயே, நாற்பத்தெட்டு வயதில் தொடங்கியவள் கதியைப் பார்த்தாயா?

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நோய்நொடி இல்லாமல், என்னைப் போன்ற மாணவர்கள் கையில் சிக்காமல் நீ நூறு வயது வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அக்கா

பின்குறிப்பு (மறுநாள் எழுதுவது): கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு இன்று காலை பட்டறைக்குப் போனால், என் மேசைமேல் எல்போ நிற்கிறது! நான் விட்டுவிட்டு வந்த இரண்டு துண்டுகளையும் மிஷின்காரர் சும்மா சுருட்டிப் பார்த்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் கால் சுற்று திருப்பியிருக்கிறார். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு முடி நுழைய இடமில்லை. இரண்டும் ஒரே அலைதானடா! தகட்டின் ஓரங்கள் சேரும் மூட்டு மட்டும் ஒன்றில் முதுகில், மற்றதில் விலாவில். முதலாளி தடவித் தடவிப் பார்த்து, "மூட்டு ரெண்டும் ஒரே இடத்துல வந்தா அங்கதான் புகை கசியும். தெரிஞ்சுதான் தள்ளி வெச்சீங்களா?" என்றார். "பின்னே?" என்றேன்.

ஆகவே மேலே உள்ளதில் முத்தங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடு. உறையில் நோட்டைத் தேடாதே, அது எனக்கு வேண்டும். அதற்குப் பதிலாக அந்த இரண்டு துண்டுகளின் காகித நகல் வைத்திருக்கிறேன், நீயும் சுருட்டிப் பார். இருபது வருஷமாகக் கரும்பலகையில் வரைகிறாயே, ஒரு தடவையாவது கையில் பிடித்திருக்கிறாயா? பரீட்சைக்குப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போகிறேன். சைனுக்கும் காஸுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், மூட்டு எங்கே வருகிறது என்பதுதான் வித்தியாசம் என்று எழுதப் போகிறேன். அதற்கு மார்க் போடுவார்களா? உடனே போன் பண்ணு.