பத்து பாஸ்போர்ட்டும் ஒரு கிண்ணம் மஞ்சளும்

வெளிநாட்டில் சினிமா ஷூட்டிங்கை முன்னே நின்று நடத்திக் கொடுத்தவன் நான். சந்தேகம் இருந்தால் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

(தயவுசெஞ்சு கேட்டுடாதீங்க. விழுந்து விழுந்து சிரிப்பாங்க.)

நடத்தவில்லை. திட்டம் மட்டும்தான் போட்டேன். அந்தத் திட்டத்தில் ஒரு ஆள்கூட நாட்டு எல்லையைத் தாண்டவில்லை. பெரம்பலூர் மாவட்ட எல்லையைத் தாண்டினோம், அதுவும் திருச்சி வரைக்கும். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டோம்.

என் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. தொழில், வேன் ஓட்டுவது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். அவர்களைத் திருச்சி ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவதும் திரும்ப அழைத்து வருவதும்தான் என் பாதிப் பிழைப்பு. எத்தனை கிலோ பெட்டி ஏற்றலாம், ஊறுகாயை எப்படிக் கட்டினால் ஒழுகாது, எந்த இடத்தில் நின்று அழுதால் பின்னால் வரும் வண்டிக்காரன் ஹாரன் அடிக்க மாட்டான், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. உலகத்தைக் கதவு வரைக்கும் பார்த்தவன் நான்.

இப்படிப்பட்டவனுடைய வேனில் ஒருநாள் இரண்டு பேர் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்க்க ஏறினார்கள். ஒருவர் டைரக்டர் இளங்கோ. அரியலூர்க்காரர். ஒன்பது வருடம் சென்னையில் அஸிஸ்டெண்டாக ஓடி ஓடிக் கன்னமெல்லாம் ஒட்டிப்போன ஆள். இதுதான் முதல் படம். இன்னொருவர் தயாரிப்பாளர் வேம்பையன். ஜெயங்கொண்டத்தில் பெரிய முந்திரி வியாபாரி.

படம் முக்கால்வாசி முடிந்திருந்தது. கோட்டையில் எடுக்கவேண்டிய சண்டையும் ஒரு பாட்டும்தான் பாக்கி. அந்தப் பாட்டில்தான் வம்பு. வேம்பையனின் மச்சினர் ஏதோ விசேஷ வீட்டில் பத்துப் பேருக்கு நடுவில், "மாமா எடுக்கற படத்துல என்ன இருந்துடப் போவுது, முந்திரித் தோப்புதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து வேம்பையனுக்குச் சோறு இறங்கவில்லை.

"பாட்டு ஃபாரின்ல எடுக்கறோம். இல்லைன்னா படமே வேணாம். பொட்டியிலயே கெடந்து மக்கட்டும்" என்றார் வண்டியில்.

இளங்கோ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஹீரோவுக்கு ஆவணியில அஞ்சு நாள்தாங்க இருக்கு. ஆறாவது நாள் அடுத்த படத்துக்கு மொட்டை அடிச்சுக்கறாரு. அதுக்குள்ள ஃபாரின் ஏற்பாடெல்லாம் யாரு பாக்கறதுங்க?"

ஆக, ஒரு மனிதனின் ஒன்பது வருடம் இன்னொரு மனிதனின் தலைமுடியில் தொங்கிக்கொண்டிருந்தது. இதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி வண்டி ஓட்டியிருந்தால் நான் மனிதன்.

"ஃபாரின்தானே முதலாளி? அத நான் பாத்துக்கறேன். எனக்குப் பழக்கமான வேலைதான்" என்றேன்.

வேம்பையன் முன்னால் குனிந்தார். "நீ போயிருக்கியா?"

"வாரத்துல மூணு தடவ ஏர்போர்ட்டுல இருக்கற ஆளுங்க நான்."

பொய் சொல்லவில்லை பாருங்கள். ஆனாலும் கோட்டை வருவதற்குள் நான் புரொடக்‌ஷன் மேனேஜர் ஆகிவிட்டேன். அன்று வீட்டுக்குப் போய் என் மனைவி சுமதியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "மொதல்ல வண்டிக்கு வைப்பர மாத்துங்க" என்றாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு.

ஜார்ஜியா என்று ஒரு நாட்டை இளங்கோ கண்டுபிடித்தார். மலை இருக்கிறதாம், பச்சை இருக்கிறதாம், விசாவும் சீக்கிரம் கிடைக்குமாம். நான் திட்டம் போட உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த திட்டம் ஒன்றுதான், பழனி டூர். அதையே கொஞ்சம் இழுத்துவிட்டேன். பச்சரிசி ஒரு மூட்டை, சாம்பார்த்தூள், அடுப்பு, இரண்டு தேக்சா, விரிக்க ஜமக்காளம், சமைக்க ஒரு ஆள்.

லிஸ்ட்டைப் படித்துவிட்டு இளங்கோ கேட்டார். "ராசுண்ணே, அங்க மழை வந்தா?"

"பந்தல்காரன் எந்த ஊர்லயும் இருப்பான் தம்பி. முதல் நாள் சொல்லிட்டா வந்து போட்டுட்டுப் போயிடுவான்."

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து ராகு காலப் பஞ்சாயத்து. ஜார்ஜியாவில் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். முதல் ஷாட்டை அங்கே எத்தனை மணிக்கு வைப்பது? வேம்பையன், "ராகு காலம் நம்மூரு நேரப்படிதான். படம் எடுக்கறது நாமதானே?" என்றார். ஜோசியர், கால் எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த ஊர்க் கணக்கு என்றார். கடைசியில் இரண்டையும் விட்டுவிடுவது என்று முடிவானது. இங்கே ராகு காலம் முடிகிற நேரத்தில் அங்கே சரியாக ஆரம்பிக்கும். அது போனால் எமகண்டம், அதுவும் இரண்டு. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் காலி. மிச்ச நேரத்தில் வெளிச்சம் இருந்தால் ஷூட்டிங். இளங்கோ சிகரெட்டை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. அன்று மறுபடி ஆரம்பித்தார்.

இதற்கு நடுவில் பாஸ்போர்ட்டுகள் வந்து சேர்ந்தன. ஹீரோ, ஹீரோயின், டான்ஸ் மாஸ்டர், கேமராமேன், வேம்பையன், இளங்கோ என்று மொத்தம் பத்து. மேனேஜர் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டபோது, "வூட்டுல பத்திரமா இருக்குங்க" என்றேன். (இருந்தது ரேஷன் கார்டு.)

விசாவுக்குக் கொடுக்குமுன் குலதெய்வத்தின் காலில் வைத்து எடுக்கவேண்டும் என்றார் வேம்பையன். முந்திரித் தோப்புக்கு நடுவில் அவர்கள் அம்மன் கோயில். பூசாரி பத்தையும் தட்டில் அடுக்கி, காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி என் கையில் கொடுத்தார். வேலை முடிந்தது. எல்லாரும் பொங்கல் சாப்பிடப் போய்விட்டார்கள். அங்கேயே விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

நான் தட்டைப் பார்த்தேன். எல்லாம் மொட்டையாகக் கிடந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகை என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுகிறோம். புது வண்டி வாங்கினால் ஆர்.சி. புத்தகத்துக்குத் தடவுகிறோம். பிள்ளைகளின் பரீட்சை நோட்டுக்குக்கூடத் தடவுகிறோம். கடல் தாண்டிப் போகிற புத்தகத்துக்கு வெறும் கற்பூரப் புகை மட்டும்தானா? மேனேஜர் என்று ஒருத்தன் எதற்கு இருக்கிறான்?

பூசாரியிடம் கிண்ணம் வாங்கி, மஞ்சளைத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். அட்டைக்கு நாலு மூலை. திறந்து, முதல் பக்கத்துக்கு நாலு மூலை. போட்டோ இருக்கிற பக்கம்தான் முக்கியமான பக்கம் என்பதால் அங்கே கொஞ்சம் தாராளமாக, கீழே இருந்த எழுத்து வரிசை வரைக்கும் இழுத்துத் தடவினேன். ஹீரோயின் போட்டோவில் நெற்றி வெறுமையாக இருந்தது. குங்குமம் வைத்தேன். அவருக்கு வைத்துவிட்டு மற்றவர்களை விட்டால் நன்றாக இருக்காது என்று பத்துப் பேருக்கும் வைத்தேன். ஈரம் காயவேண்டுமே. வேன் பானெட்டின்மேல் வரிசையாக வெயிலில் விரித்தேன். பத்தும் வளைந்து, அப்பளம்போல் மொரமொரவென்று காய்ந்தன. அப்படி ஒரு திருப்தியோடு பொங்கல் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதற்கப்புறம் அந்தப் படம் முடிகிறவரை நான் நிம்மதியாகச் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

மறுநாள் திருச்சியில் விசா ஏஜென்சி. நானும் இளங்கோவும் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா. முதல் பாஸ்போர்ட்டைத் திறந்தார். மூடினார். இரண்டாவதைத் திறந்தார். மூன்றாவதைத் திறக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், இது பாஸ்போர்ட்டா, கல்யாணப் பத்திரிகையா?"

"சாமி கால்ல வெச்சதுங்க" என்றேன் பெருமையாக.

மிஷினில் வைத்தார். மிஷின் படிக்கவில்லை. பஞ்சால் துடைத்தார். மஞ்சள் பஞ்சுக்கும் வந்தது, போட்டோவிலும் இருந்தது. தண்ணீர் உள்ளே இறங்கி எழுத்தெல்லாம் ஊறிப்போயிருந்தது. பத்தையும் வைத்துப் பார்த்தார். பத்துக்கும் மிஷின் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டது.

"எல்லாருமே புதுசா எடுக்கணும். நீங்க சொல்ற தேதிக்குள்ள நடக்கற காரியம் இல்ல. யாரு இதுக்கெல்லாம் மேனேஜர்?"

"நான்தாங்க."

"உங்க பாஸ்போர்ட் மட்டும் இதுல இல்லையே? அதையாவது சுத்தமா வெச்சிருக்கீங்களா?"

"சுத்தமா இருக்குங்க" என்றேன். பிறகு, அந்த அம்மா முகத்தைப் பார்த்து, "இன்னும் எடுக்கவே இல்லைங்க" என்றேன்.

திரும்பும்போது இளங்கோ பேசவில்லை. திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். பேசாமல் வருகிற ஆளை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது செங்கல் லோடு ஓட்டுவதுபோல இருக்கும். பாடாலூர் தாண்டியதும், "ஓரமா நிறுத்துங்கண்ணே" என்றார். நிறுத்தினேன். இறங்கிப் போய்ப் புளியமரத்தடியில் நின்றார். நானும் இறங்கினேன்.

"தம்பி, நான் எந்த ஊருக்கும் போனதில்ல. வாசலோட சரி. சும்மா வாய்."

"தெரியும்ணே."

"எப்பலருந்து?"

"மழை வந்தா பந்தல்காரன் வருவான்னீங்கல்ல, அன்னைக்கே."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? ஆள மாத்தியிருக்கலாம்ல?"

அவர் சிகரெட்டை மிதித்து அணைத்தார். "ஒன்பது வருஷத்துல இந்தப் படம் நடக்கும்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான். மாத்த மனசு வரல."

நான் போய் வண்டியைக் கிளப்பினேன். (வாயைத் திறக்கவில்லை. அதால் வந்ததெல்லாம் போதும்.)

அங்கிருந்து நேராக ஜெயங்கொண்டம். வேம்பையன் முந்திரி மண்டியில் உட்கார்ந்திருந்தார். வழி நெடுக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். காலில் விழுவது, எல்லாத் தப்பும் என் தலையில், டைரக்டரை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று முடிப்பது. பாஸ்போர்ட்டுகளை அவர் முன்னால் வைத்தேன்.

"முதலாளி, இத வாங்க மாட்டேன்னுட்டாங்க."

"ஏன்?"

"மஞ்சள் பட்டிருக்குன்னு..."

"மஞ்சளா? சாமி கால்ல வெச்ச மஞ்சளையா?" முகம் சிவந்தது. நான் விழுவதற்காக மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டேன். அப்போது இளங்கோ, மூன்று நாள் தூங்காதவன் குரலில், மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, எனக்கு ஒண்ணு தோணுது. ஒருத்தரது போனா தப்புன்னு விட்டுடலாம். பத்தும் போயிருக்குது. ஆத்தா உத்தரவு குடுக்கலையோ என்னமோ."

மண்டியில் இருந்த ஆட்கள் முந்திரி உடைப்பதை நிறுத்திவிட்டார்கள். வேம்பையன் ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகத் திறந்து பார்த்தார். தன்னுடையதில், தன் நெற்றியிலேயே பெரிய பொட்டு இருப்பதைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எனக்கே பொட்டு வெச்சுத் தடுத்திருக்கா பாரு. ஏறியிருந்தா என்ன ஆயிருக்குமோ."

"அப்ப பாட்டுங்கய்யா?"

"நம்ம ஆத்தா போவாதன்னு சொன்ன ஊருக்கு எவன் போவான்? இங்கனயே எடு. எம்மச்சினன் கேட்டா, ஆத்தாகிட்டப் போய்க் கேளுன்னு நான் சொல்லிக்கறேன்."

இளங்கோவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் ஒரு அங்குலம் இறங்கியது. அவ்வளவு நாளும் அதைத் தூக்கிக்கொண்டே திரிந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் பாட்டை வைத்தோம். நாலாபுறமும் வெள்ளைப் பாறை, அடியில் நீலத் தண்ணீர். அனுமதியும் வாங்கியிருந்தோம். ஐந்து நாள், மொட்டைக்கு முன்னால். படம் வந்தது. பெரிதாக ஓடவில்லை, ஆனால் வந்தது. இளங்கோ இப்போது இரண்டாவது படத்தில் இருக்கிறார். அந்த முதல் படத்தின் டைட்டிலில் என் பெயரை "மஞ்சள் ராசு" என்றே போட்டுவிட்டார். அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் யாரும் கல்யாணப் பத்திரிகையை என் கையில் கொடுப்பதில்லை, சுமதி கையில்தான். வீட்டில் கரண்ட் பில் வந்தால்கூட மஞ்சள் டப்பா மேல் அலமாரிக்கு ஏறிவிடும்.

அந்த ஐந்து நாளில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுமையாகாது. முதல் நாள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஹீரோ அந்தத் தண்ணீருக்குள் காலை வைத்தார். வைத்ததும் நான் கரையிலிருந்து, "பயப்படாம எறங்குங்க சார், முழங்கால் தண்ணிதான், நான் அளந்துட்டேன்" என்று...

"ஏங்க, இங்க வாங்க."

சுமதி கூப்பிடுகிறாள்.

"தபால்காரரு வந்திருக்காரு. பாப்பாவோட பாஸ்போர்ட்டு. ஆதார் கார்டு கேக்கறாரு, அது உங்க வண்டியிலதான் கெடக்காம். எடுத்தாந்து அவகிட்டக் குடுத்துட்டு அப்படியே திரும்பிப் போயிடணும். உறையத் தொடக்கூடாது."

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் வண்டிக்குப் பூஜை போட்டேன். விரலைப் பார்த்தேன்.

"இரு, கையக் கழுவிட்டு வரேன்."

"சோப்பு போட்டுக் கழுவுங்க."