இரண்டாவது ஆளுக்குப் பாதிக் கட்டணம்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களின் சமுகத்துக்கு, உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட பாவி பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் உங்கள் தங்கையும், உங்கள் மருமகளாகிய என் மகளும். என்னைப் பற்றி இந்த வீட்டில் யாரும் விசாரிப்பதில்லை என்பதால் என் சௌக்கியம் எனக்கே சரியாகத் தெரியவில்லை. அங்கே உங்கள் முதுகுவலி, அக்காவின் சர்க்கரை, மாடிக் குடித்தனக்காரனோடு நடக்கும் தண்ணீர்ச் சண்டை எல்லாம் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன முறை நான் மனம் விட்டுப் பேசியபோது நீங்கள் ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள், அக்கா சிரித்தது எனக்குக் கேட்டது. அதனால்தான் காகிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கைக்கு வேலை கிடைத்திருக்கிறது. ரயிலில் நான்கு மணி நேரம் தள்ளியிருக்கும் ஊரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், கணக்குப் பிரிவில். சம்பளம் என்னுடையதைவிட அதிகம். எவ்வளவு அதிகம் என்று எழுதக் கை வரவில்லை. இந்தக் கடிதம் கண்டதும் நீங்கள் புறப்பட்டு வந்து, போகாதே என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னால் பொறாமை என்பாள். நீங்கள் சொன்னால் அண்ணன் வார்த்தை. எதற்காக இப்படிக் கேட்கிறேன் என்பது முழுவதும் படித்தால் உங்களுக்கே புரியும்.

பம்புசெட் கம்பெனிக் கிடங்கில் இருபது வருடமாக உதிரிப்பாகம் எடுத்துக் கொடுக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். என்னிடம் வேலை பழகினவனெல்லாம் ஒரு பட்டத்தைக் காட்டி எனக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டு "அண்ணே, ஒரு டீ சொல்லுங்க" என்கிறான். சரி, நாமும் ஒன்று வாங்கிவிடுவோம் என்று மாலைக் கல்லூரியில் விசாரித்தேன். கட்டணத்தைக் கேட்டதும் தலை சுற்றியது. கம்பெனி ஏதாவது உதவுமா என்று எங்கள் மேலாளர் உம்மணாமூஞ்சியிடம் கேட்டேன். "இந்த வயசுல படிச்சு என்ன, கலெக்டராவா ஆகப் போறீங்க?" என்றான். ரோஷம் வந்து வைப்பு நிதியில் கடன் போட்டேன், ஸ்கூட்டரை விற்றேன். அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். பணம் கட்டப் போன ஜன்னலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆளுக்குப் பாதிக் கட்டணம். எனக்கோ ஷிப்டு, வாரத்தில் பாதி நாள் வகுப்புக்குப் போக முடியாது. டியூஷன் வைத்தால் அதற்கு ஆகும் செலவு இந்தப் பாதிக் கட்டணத்தைவிட ஜாஸ்தி. உங்கள் தங்கையைச் சேர்த்துவிட்டால் அவள் போய் உட்கார்ந்து நோட்ஸ் எழுதிக்கொண்டு வருவாள், நான் படித்துக்கொள்வேன். அதாவது மச்சான், நான் பெண்டாட்டியைப் படிக்க வைக்கவில்லை. ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினேன். "எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? கல்யாணத்தோட விட்டது, மறந்தே போச்சு" என்று அவள் சொல்லத்தான் செய்தாள். "நீ படிக்க வேணாம், சும்மா எழுதிட்டு மட்டும் வா" என்றேன். இப்படித்தான் சொன்னேன் என்று எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

முதல் நாளே எனக்குச் சகுனம் சரியில்லை. மேஜையோடு சேர்ந்த பெஞ்சு, பிள்ளைகள் அளவுக்குச் செய்தது. என் தொப்பை உள்ளே போனது, திரும்பி வரவில்லை. இடைவேளையில் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். பாடம் எடுக்கும் அம்மாவுக்கு என் கடைசித் தங்கை வயது. என்னை "சார்" என்பார், உங்கள் தங்கையை "வாம்மா, சொல்லும்மா" என்பார். மரியாதை எனக்கு, பாடம் அவளுக்கு. முதல் வருடம் நோட்ஸ் பிரமாதம், அந்த அம்மா தும்மினதைக்கூட எழுதியிருப்பாள். பஸ்ஸில் போகும்போது புரட்டிப் பார்த்தே எப்படியோ தேறிவிட்டேன். இரண்டாம் வருடம் நோட்டு மெலிந்தது. "என்ன, இவ்வளவுதானா?" என்று கேட்டேன். "தெரியாததத்தான எழுதணும்? தெரிஞ்சத எதுக்கு எழுதிக்கிட்டு?" என்றாள். அவளுக்குத் தெரியத் தெரிய எனக்கு நோட்டு இளைத்தது. மூன்றாம் வருடம் அடக்கவிலைக் கணக்கு என்று ஒரு பாடம். தேர்வுக்கு முந்தின நாள் திறக்கிறேன், மொத்தமே ஒன்றரைப் பக்கம். அதிலும் ஓரிடத்தில் "போன பாடம் மாதிரியேதான்" என்று இருக்கிறது. போன பாடத்தைப் புரட்டினால் அங்கே "சுலபம்" என்று ஒரே ஒரு வார்த்தை. மச்சான், 'சுலபம்' என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் பதினைந்து மார்க் கேள்விக்கு என்ன எழுதுவான்? "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்கிறாள். பெண்டாட்டி முன்னால் போய் நோட்டோடு நிற்பதாவது என்று கேட்காமல் இருந்தேன், இது ஒரு குற்றமா?

தேர்வு அறையில் எனக்கு முன் பெஞ்சு அவளுக்கு. என்னதான் எழுதுகிறாள் என்று கொஞ்சம் கழுத்தை நீட்டினேன். மேற்பார்வைக்கு நின்ற ஆள், "சார், எட்டிப் பாக்காதீங்க" என்றார். "அது என் வீட்டம்மாங்க" என்றேன். "அதனாலதான் சொல்றேன்" என்றார். கேள்வித்தாளில் என் தொழிலிலேயே ஒரு கேள்வி: கிடங்கிலிருந்து எந்தச் சரக்கு முதலில் வெளியே போகும், விளக்குக. வாடா என் வழிக்கு என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முதலில் போகும், உள்ளே கிடப்பதை எடுக்க எவனுக்கும் முதுகு வளையாது என்று இரண்டு பக்கம் உண்மையை எழுதினேன். சுழி போட்டிருக்கிறார்கள். முதலில் வந்ததுதான் முதலில் போக வேண்டுமாம். அப்படிப் பார்த்தால், எல்லோருக்கும் முன்னால் அந்தக் கிடங்குக்குள் வந்த நான் ஏன் இன்னும் அங்கேயே கிடக்கிறேன் என்று எந்தப் பேராசிரியராவது வந்து விளக்கட்டும்.

முடிவை உங்கள் மருமகள்தான் போனில் பார்த்துச் சொன்னாள். "அம்மா ஃபர்ஸ்ட் கிளாஸ்! அப்பா, உனக்கு ரெண்டு அரியர்." அதோடு விட்டாளா? "பரவாயில்லப்பா, இனிமேலாவது டிவியக் குறைச்சுக்கோ" என்று நான் அவளுக்குச் சொல்வதை எனக்கே திருப்பிச் சொன்னாள். நான் காத்திருந்த பதவியை மறு வாரமே வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். உம்மணாமூஞ்சி அன்றைக்குத்தான் சிரித்தான். வாங்கின கடனுக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், ஸ்கூட்டர் போய் பஸ் படியில் தொங்குகிறேன். காசு என்னுடையது மச்சான், பட்டம் அவளுடையது. வயிறு எரிகிறது. உங்களிடம் மறைப்பானேன்?

இந்த நிலைமையில்தான் வேலை உத்தரவு வந்தது. நான் வாயைத் திறந்து வாழ்த்தவில்லை, உண்மை. சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து, ஒன்றுமே வாய்க்கு விளங்கவில்லை என்று எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து வேலையைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. தலைக்கனம், வேறென்ன? பெட்டி கட்டுவதைக்கூட என் கண்ணில் படாமல் கட்டுகிறாள் போலிருக்கிறது. அதற்கும் மேலே ஓர் அவமானம்: என் மறுதேர்வுக் கட்டணத்தை அவளே கட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த காசாம். என்னைப் படிக்க வைக்கிறாளாம்! புது நோட்டுப் போட்டு அந்த அடக்கவிலைப் பாடத்தை ஒரு வரி விடாமல் எழுதுகிறாள், கலர் பேனாவில் கட்டம் கட்டமாக. என்னை எவ்வளவு மக்கு என்று நினைத்தால் ஒருத்தி இவ்வளவு விளக்கமாக எழுதுவாள்?

ஆகவே மச்சான், தாமதிக்காமல் வாருங்கள். வயசுக்கு வந்த பெண்ணை விட்டுவிட்டு வெளியூரில் என்ன வேலை என்று ஆரம்பியுங்கள், மீதி தானாக வரும். என் பெயர் வரக் கூடாது. நீங்களாகவே தங்கையைப் பார்க்கத் தோன்றி வந்ததுபோல் இருக்கட்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம்; நன்றாகப் படிக்கட்டும், ஆனால் அந்தந்த வயதிலேயே படித்து முடித்துவிடட்டும்.

இப்படிக்கு,
தன் காசில் தானே தோற்ற,
உங்கள் வீட்டு மாப்பிள்ளை.

பி.கு.: மச்சான், மேலே எழுதியதை எல்லாம் விட்டுத்தள்ளுங்கள். கிழித்துப் போட்டு வேறு எழுதத் தெம்பில்லை, அப்படியே அனுப்புகிறேன். நேற்று இதை எழுதி முடித்து, உறை எடுக்க உள்ளே போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "மேடம் எப்பக் கிளம்புறீங்க?" என்று இழுத்தேன்.

"எங்க?"

"வேலைக்குத்தான்."

"அத அன்னிக்கே போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேனே."

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"யாரையும் கேக்கல. தட்டு முன்னாடி உங்க மூஞ்சியப் பாத்தேன், போதும்னு ஆயிடுச்சு. விடுங்க. மொதல்ல நீங்க அந்த ரெண்டு பேப்பர முடிங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். என் வயிறு குளிர்ந்திருக்க வேண்டும், நான் கேட்டதுதானே நடந்திருக்கிறது? எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அடுப்பில் ஒரு கண்ணும் புத்தகத்தில் ஒரு கண்ணுமாக அவள் படித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான் ஒருத்தன்தான் மச்சான். "போ, போய்ச் சேரு" என்றேன். "குத்திக் காட்டாதீங்க" என்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "போதும்ங்க நடிப்பு" என்கிறாள். நான் இத்தனை நாள் பேசின பேச்சுக்கு, இனிமேல் நான் நல்லது சொன்னாலும் அவள் காதில் நல்லதாக விழாது. அதனால் நீங்கள் கட்டாயம் வர வேண்டும். வந்து, போகச் சொல்லுங்கள். திட்டியாவது அனுப்பி வையுங்கள்.

இன்று மதியம் கிடங்கிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்தேன். இன்னும் ஆள் போடவில்லையாம், மாதக் கடைசி வரை பார்ப்பார்களாம். "நீங்க அவங்களுக்கு யாரு?" என்று கேட்டார்கள். புருஷன் என்று சொல்ல வாய் வரவில்லை. கூடப் படிச்சவன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.