சண்டை நீக்கப்பட்ட சமாதான நாடகம்

பொங்கியண்ணன் பனியன் கம்பெனியின் தையல் பிரிவில் ஸ்பீக்கர் ஒன்றுதான் இருந்தது. தைக்கிறவர்களோ இரண்டு பாஷைக்காரர்கள். அங்கே மூண்ட கலவரத்துக்கு மூலகாரணம் இதுவே என்று பின்னர் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. தமிழ்ப் பாட்டா, இந்திப் பாட்டா என்ற வாக்குவாதத்தில் பீகார்க்காரன் மிதிலேஷ் எறிந்த நூல் கோன் பட்டு, விருதுநகர்க்காரன் சேவியரின் நெற்றி வீங்கியது. இருவரும் அதுவரை ஒரே அறையில், ஒரே குக்கரில் பொங்கித் தின்றவர்கள். பாகப்பிரிவினையில் குக்கர் சேவியருக்குப் போயிற்று, விசில் மிதிலேஷுக்குப் போயிற்று. இரண்டு பேரும் கடைச் சோறு தின்றார்கள்.

சேவியரின் அக்கா ரோஸ்மேரிக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சமுதாய வானொலியில் நாடகம் எழுதுவது அவள் வேலை. மாவட்ட நல்லிணக்க ஒலிபரப்புக் குழு என்று ஒன்று முளைத்து, மோதலைத் தடுக்க ஒரு நாடகம் வேண்டும் என்று கேட்டபோது, தம்பியின் சண்டையை அப்படியே எழுதி, கடைசியில் இருவரையும் கட்டிப்பிடிக்க வைத்துக் கொண்டுபோனாள்.

குழுத் தலைவர் சிவசுப்பிரமணியம் முதல் பக்கத்திலேயே சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"ஏம்மா, எடுத்த எடுப்புலயே சண்டை போடறாங்களே?"

"சண்டை போட்டாத்தான சார் சமாதானம் பண்ண முடியும்?"

"மாவட்டத்துல மோதலே இல்லைன்னு போன மாசம்தான் மேல எழுதி அனுப்பினேன். இதை ஒலிபரப்பினா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"அப்ப நாடகம் எதுக்கு சார்?"

"மோதலைத் தடுக்க."

"இல்லாத மோதலையா?"

"இல்லாததைத் தடுக்கறதுதாம்மா நிர்வாகம். இருக்கறதை யாரு தடுக்க முடியும்?"

சண்டை நீக்கப்பட்டது. ஒரு மாநிலத்தின் மனம் புண்படும் என்பதால் பீகார் நீக்கப்பட்டது. ஒரு மாவட்டத்தின் மனம் புண்படும் என்பதால் விருதுநகரும் நீக்கப்பட்டது. பெயர் வைத்தால் மதம் தெரியும், சாதி தெரியும். ஆகவே 'முதல் நண்பர்', 'இரண்டாம் நண்பர்' என்றார்கள். "ரெண்டாவது ஆளு வருத்தப்படமாட்டாருங்களா?" என்று உறுப்பினர் சித்ராதேவி கவலைப்பட்டார். கூட்டம் சாப்பாட்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. மாதக்கணக்கில் திருத்தித் திருத்திக் கடைசியில் மிஞ்சிய நாடகம் இது:

"வாருங்கள் நண்பரே."

"வந்தேன் நண்பரே."

"நாம் ஒற்றுமையாக இருக்கிறோம் அல்லவா?"

"ஆம் நண்பரே, வழக்கம் போல."

இப்படியே அரை மணி நேரம். தமிழில் ஒரு தரம், இந்தியில் ஒரு தரம். இதை யாரும் தானாகக் கேட்க மாட்டார்கள் என்பது குழுவுக்கே தெரியும். எனவே, கம்பெனி ஸ்பீக்கர்களில் பாட்டுக்குப் பதிலாகக் காலை முதல் மாலை வரை நாடகமே ஒலிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அந்த வாரம் முடிவதற்குள் வானொலி நிலைய வாசலில் சேவியர் வந்து நின்றான். அவன் தோளில் கை போட்டபடி மிதிலேஷ்.

"யக்கா, என்ன எழவுக்கா இது? கேக்கக் கேக்கத் தைக்கிற கை மரத்துப் போவுது. இவன் பாட்டே தேவல!"

"தீதி," என்று அவனும் அக்கா முறை சொல்லிக் கும்பிட்டான் மிதிலேஷ். "தமிழ் பாட்டு நல்லா இருக்கு. நாடகம் வேண்டாம்."

இருவரும் சேர்ந்துதான் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கியிருந்தார்கள். அன்று குக்கரில் விசில் வந்தது. ரோஸ்மேரி அழுதேவிட்டாள். அக்காவாக அழுதாளா, எழுத்தாளராக அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

விஷயம் இத்தோடு நின்றிருந்தால் நாடகம் வெற்றி என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். ஆனால் சேர்ந்து ஒயர் பிடுங்கியவர்கள் சேர்ந்து பேசவும் ஆரம்பித்தார்கள். கக்கூஸுக்குக் கதவு வேண்டும், தையல் பிரிவுக்கு ஃபேன் வேண்டும் என்று இரண்டு பாஷையிலும் ஒரே குரலில் கேட்டார்கள். பொங்கியண்ணன் குழுவிடம் ஓடிவந்தார்.

"ஏனுங்க, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே! முந்தி அவனவன் அடிச்சுட்டுக் கெடந்தானுங்க, நானும் நிம்மதியா இருந்தனுங்க. இப்ப எல்லாரும் ஒண்ணா வந்து நிக்கறானுங்க!"

"ஒண்ணாவா?" சிவசுப்பிரமணியம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அதுதாங்க மோதல்!"

உடனே அவசரக் கூட்டம் கூடியது. ஒற்றுமையால் ஏற்படும் மோதலைத் தடுக்க, பாதுகாப்பான அளவில் சண்டை வரும்படி புது நாடகம் ஒன்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. டீ ஆறுவதற்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. வடக்கத்தியான் ஏசுவதைப் பொங்கியண்ணன் சொன்னார். தெக்கத்தியான் திருப்பிக் கொடுப்பதைச் சித்ராதேவி சொன்னார். பீகார் வந்தது, விருதுநகர் வந்தது, சாதியும் வந்தது. சிவப்புப் பேனா திறக்கப்படவே இல்லை. ரோஸ்மேரி தட்டச்சு மட்டும் செய்துகொண்டிருந்தாள்.

ஓர் இடத்தில் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். ஒரு நண்பன் இன்னொரு நண்பனை, ஜென்மத்துக்கும் மறக்க முடியாதபடி என்ன சொல்வான்?

ரோஸ்மேரிக்குத் தெரியும். கோன் பறப்பதற்கு முன்னால், ஊரில் இருக்கும் மிதிலேஷின் அம்மாவைப் பற்றிச் சேவியர் சொன்ன ஒரு வார்த்தை. வெட்கப்பட்டு அழுதபடி அதைத் தம்பி அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கத்தான் நினைத்தாள். ஆனால் வசனத்துக்கு அந்த இடம் காலியாகக் கிடந்தது, வார்த்தை அதில் அச்சாகப் பொருந்தியது.

சொன்னாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். எழுத வந்த நாள் முதல் அவளுக்குக் கிடைத்த முதல் கைதட்டல். ரோஸ்மேரி நிமிர்ந்து உட்கார்ந்து, பிழை வராமல் அதைத் தட்டச்சு செய்தாள்.