மூடி மறைத்த அறிவியல்

முட்டையில் முதல் விரிசல் விழுந்தபோது லோர்னா குச்சேரா நாற்காலிமேல் ஏறி நின்று, சூரிய மண்டலத்தின் மேல் பழுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

மாநில அறிவியல் தேர்வு நாளில் எங்கள் ஊர் ப்ரூனர் க்ரீக் பள்ளியில் இதுதான் முதல் வேலை. நெப்ராஸ்காவின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கணினியில் அதே தேர்வைத்தான் எழுதுவார்கள். விடைக்குத் துப்புக் கொடுக்கிற மாதிரி வகுப்பில் ஒரு துரும்பும் கண்ணில் படக்கூடாது. ஆசிரியை திரையை எட்டிப் பார்க்கக்கூடாது. கையேட்டில் அச்சடித்திருப்பதை மட்டும் வாசித்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

போன வருடம் லோர்னா எல்லாவற்றையும் மூடிவிட்டு, கதவுக்குப் பின்னால் தொங்கிய மழை மேகப் படத்தை மறந்துவிட்டாள். 'முறைகேடு' என்று தலைநகருக்கு அறிக்கை போயிற்று. இன்னொரு தடவை இப்படி நடந்தால் அந்த வகுப்பின் மதிப்பெண் ரத்து. லோர்னாவை ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் மழலையர் வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். மூக்கு சிந்திவிட்டு ஷூ லேஸ் கட்டிவிட்டுக் காலம் தள்ளணும் என்று அவள் ரொட்டிக்கடையில் புலம்பியதை நாங்கள் பாதிப் பேர் கேட்டோம். மீதிப் பேருக்கு நாங்கள் சொல்லிவிட்டோம்.

அதனால் இந்த வருடம் அவள் ஒன்றையும் விடவில்லை. உலக உருண்டை அலமாரிக்குள் போயிற்று. தன் ஸ்வெட்டரில் மேப்பிள் இலை பின்னியிருப்பதைப் பார்த்து அதையும் உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். வகுப்பு முழுவதும் தபாலில் அனுப்பக் கட்டிவைத்த பார்சல் மாதிரி ஆகிவிட்டது.

மிச்சம் இருந்தது குஞ்சு பொரிக்கும் பெட்டிதான். வசந்த காலம் வந்தால் வேளாண் அலுவலகத்துப் பெண்மணி ஒருத்தி பள்ளிக்கு முட்டைகள் கொண்டுவந்து கொடுப்பாள், பிள்ளைகள் குஞ்சு வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். கணக்குப்படி தேர்வு முடிந்த பிறகுதான் குஞ்சு வரவேண்டும். ஏப்ரலில் பனிப்புயல் அடித்துப் பள்ளியை மூடியதில் தேர்வு தள்ளிப்போனது. முட்டைக்கு அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை.

விரிசல் விட்ட பிறகு பெட்டியை நகர்த்தக்கூடாது, மின்சாரத்தை நிறுத்தக்கூடாது, மூடியைத் திறக்கக்கூடாது என்று அந்தப் பெண்மணி விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள். உயிரினங்களின் வாழ்க்கைச் சுழற்சி ஐந்தாம் வகுப்புப் பாடம். அது இப்போது பின் அலமாரியில் நேரடி ஒளிபரப்பாக நடந்துகொண்டிருந்தது.

காற்றுத் துளையை மட்டும் விட்டுவிட்டுப் பெட்டிக்கும் பழுப்புக் காகிதம் சுற்றினாள். கையேட்டை வாசித்தாள். பிள்ளைகள் தேர்வைத் திறந்தார்கள்.

"கீச்" என்றது காகிதம்.

எல்லாத் தலைகளும் திரும்பின. பேசக்கூடாதே, அவரவர் திரையைப் பார்த்து எழுதும்படி லோர்னா விரலால் சைகை காட்டினாள். இரண்டாவது குஞ்சும் வந்துவிட்டது போலிருக்கிறது, சத்தம் கூடியது. கொலாச்சி ரொட்டி கொண்டுவந்த தகரத் தட்டம் மேசையில் இருந்தது. மிச்ச ரொட்டியை மேசையில் தள்ளிவிட்டு அதைத் தூக்கிப் பெட்டிமேல் கவிழ்த்தாள்.

இதுவரை கீச்சென்றது இப்போது தேவாலய மணி மாதிரி கணீரென்று ஒலித்தது. முன்வரிசை சிரித்தது. நடுவரிசை சிரிப்பை அடக்கி மூக்கால் விட்டது.

அந்த நேரம் பார்த்துக் கதவில் வந்து நின்றார் டுவேன் ஸ்வொபோடா. மற்ற நாட்களில் உடற்பயிற்சி ஆசிரியர், தேர்வு நாளில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒருங்கிணைப்பாளர். போன வருட அறிக்கையை எழுதியவரும் அவர்தான். லோர்னா ஓடிப்போய் அவரை வாசலிலேயே மறித்தாள்.

"அது என்ன சத்தம், லோர்னா?" என்றார் தணிந்த குரலில்.

"கோழிக்குஞ்சு."

"தேர்வு நடக்கிற அறையிலயா? உயிருள்ள பாடப் படம் மாதிரில்ல இருக்கு."

"மூடித்தானே வெச்சிருக்கேன். கண்ணுக்குத் தெரியாது டுவேன்."

"காதுக்குத் தெரியுதே. மேலிடத்துக்காரங்க ஒரு நடை எட்டிப் பாத்தா உங்களோட சேத்து என்னையும் மழலையர் வகுப்புல உக்கார வெச்சிடுவாங்க. எனக்கு முட்டி வலி, அந்தக் குட்டி நாற்காலியில உக்காந்தா எழுந்திருக்க முடியாது."

இப்படியாக அவருடைய முட்டியும் இந்த விவகாரத்தில் சேர்ந்துகொண்டது. நுனிக்காலில் நடந்து உள்ளே போனார். தட்டத்தை எடுத்துவிட்டு, வண்ணக்குச்சி வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவைக் காலி செய்து கவிழ்த்தார். குச்சிகள் தரையில் உருண்டன. சத்தம் கொஞ்சம் மட்டுப்பட்டது, ஆனால் நிற்கவில்லை. டப்பாவின் மேல் தட்டத்தையும் வைத்துப் பார்த்தார். இரண்டும் சேர்ந்து கடகடவென்று ஆடின. லோர்னா தலையில் கை வைத்தாள்.

பிள்ளைகள் இவர்களைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். இரண்டாம் வரிசையிலிருந்து ஹேட்டி கையைத் தூக்கினாள். அமைதியான பெண், குதிரைவால் கொண்டை.

"டப்பாவையும் தட்டையும் எடுத்துட்டுக் கம்பளிக் கோட்டு மட்டும் போட்டுப் பாருங்களேன், மிஸ்டர் ஸ்வொபோடா."

பதில் சொல்லக் கையேட்டில் வாக்கியம் இல்லை. இந்த வயதில் குஞ்சுகளின் மேல் இவ்வளவு கரிசனமா என்று டுவேனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. தட்டத்தையும் டப்பாவையும் இறக்கிவைத்தார். கொக்கியில் தொங்கிய பிள்ளைகளின் குளிர்காலக் கோட்டுகளை அள்ளிவந்து, காற்றுத் துளையை விட்டுவிட்டு, சுற்றி அடுக்கினார். கடைசியில் தன் கோட்டையும் கழற்றிப் போர்த்தினார்.

சத்தம் அப்படியே அமுங்கிப்போனது.

அதற்குப் பிறகு வகுப்பு நடந்துகொண்ட விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தலைகள் எல்லாம் ஒன்றாகக் குனிந்தன. விசைகள் டக் டக்கென்று ஒரே மூச்சில் தட்டப்பட்டன. போன வருடம் பென்சில் நுனியைக் கடித்துக் கூரையைப் பார்த்தவர்களின் தம்பி தங்கைகளா இவர்கள் என்று லோர்னாவுக்குக் கண் கலங்கியது.

தேர்வு முடிந்தது. கணினிகள் மூடப்பட்டன. பிள்ளைகள் கோட்டுகளை உருவிக்கொண்டு மதிய உணவுக்கு ஓடினார்கள். பெட்டிக்குள் ஈரம் காயாத மூன்று குஞ்சுகள் உலகத்தைத் திட்டிக்கொண்டிருந்தன.

டுவேன் தன் கோட்டிலிருந்த தூசியைத் தட்டினார். "அறிக்கை எழுதலாமா வேணாமான்னு யோசிக்கறேன்."

"ஏதாச்சும் துப்புக் கொடுத்தோமா நாம? ஒரு இறகுகூட வெளிய தெரியல."

"அதுவும் சரிதான். தேர்வுல கோழி வந்திருந்தாலும், கண்ணால பாக்காதது எப்படித் துப்பாகும்?" என்று மேசையில் மிச்சமிருந்த கொலாச்சி ஒன்றை எடுத்துக் கடித்தார். "அசம்பாவிதம் எதுவும் இல்லன்னு போட்டுடறேன். நீங்க ஐந்தாம் வகுப்புலயே இருங்க."

லோர்னா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். ஒரு வருடமாக மனதில் கட்டியிருந்த அத்தனை ஷூ லேஸும் அவிழ்ந்து விழுந்தன.

கையுறையை மறந்துவிட்டுப் போயிருந்த ஹேட்டி திரும்ப வந்தாள். எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள்.

"தேர்வுல கோழியே வரல, மிஸஸ் குச்சேரா. ஒரு அலாரம் கடிகாரத்தைத் தகரம், பிளாஸ்டிக், கம்பளிக் கோட்டு, ஒவ்வொண்ணா போட்டு மூடினா எதுல சத்தம் நல்லா அடங்கும்னுதான் பக்கம் பக்கமாக் கேட்டிருந்தாங்க. ரெண்டு பேரும் வரிசையா செஞ்சு காட்டினதுக்கு ரொம்ப தேங்க்ஸ்."