நூறு முட்டை பூசிய சுவர்

கோட்டாறு,
1934 ஏப்ரல்

அன்பும் கனமும் பொருந்திய மைத்துனர் ஜெபதாஸ் அவர்களுக்கு, யோவேல் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இவ்விடம் நானும் உம்முடைய தங்கை நேசம்மாளும் மகள் லீலாபாயும் உயிரோடிருக்கிறோம். சுகமாயிருக்கிறோம் என்று எழுத மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. குலசேகரத்தில் நீரும் உம்முடைய ரப்பர் மரங்களும் சுகமென்று நம்புகிறேன்.

லீலாபாயைப் பெண் பார்க்க அகஸ்தீசுவரத்திலிருந்து ரசலையனும் அவர் சம்சாரமும் வருவதாகச் சொல்லியனுப்பியதும், கூடத்தைக் காசு கரையாமல் அழகுபடுத்த வழி கேட்டு உமக்கு எழுதியது நான்தான், மறுக்கவில்லை. அவர்கள் மகன் சபைக் கூட்டத்தில் பாடியதைக் கேட்ட நாள் முதல் என் மகளுக்கு அவன்பேரில் ஒரு பிரியம். வாய் திறந்து சொல்லமாட்டாள், தகப்பனுக்குத் தெரியாதா? இந்தச் சம்பந்தம் கைகூட வேண்டுமென்றுதான் ஓய் இத்தனை பாடும். கொத்தனாரைக் கூப்பிட்டால் கட்டுப்படியாகாது, நாமே செய்வோம் என்று மாவுச் சாக்கைத் துவைத்து ஜன்னலுக்குத் திரை தைத்தோம். அதிலிருந்த ஆலைக்காரன் பெயர் எத்தனை தேய்த்தும் போகவில்லை, போகட்டும். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிப் பூத்தொட்டி செய்ததில் என் கட்டைவிரல் கிழிந்தது, அதுவும் போகட்டும். சுவருக்கென்று நீர் ஒரு பக்குவம் எழுதியனுப்பினீரே, அதை நான் எப்படி மறப்பேன்?

"நூறு முட்டை வெள்ளைக்கரு கலந்து சுவரில் பூசி, காய்ந்தபின் கூழாங்கல்லால் தேய்த்தால் முகம் பார்க்கலாம்." உம்முடைய கையெழுத்து. அத்தனை முட்டைக்கு நான் எங்கே போவேன்? நேசம்மாளைக் கேட்டால், "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். வீடு வீடாக வாங்கினேன், போதவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் காணிக்கை முட்டைகளை ஏலம் விட்டபோது ஒன்றுவிடாமல் நானே எடுத்தேன். உபதேசியார் சம்சாரம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வேண்டாம். மஞ்சள் கருவைப் பொரித்தோம், குழம்பில் விட்டோம், அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம், கடைசியில் பூனைகூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெள்ளைக்கருவைப் பூசினால் கோந்து மாதிரி வழிகிறது, கல்லால் தேய்த்தால் கல் ஒட்டிக்கொள்கிறது. மினுங்கத்தான் செய்தது, பொய் சொல்லக்கூடாது.

அவர்கள் வந்த அன்றைக்கு என்ன வெயில்! சுவரெல்லாம் எறும்பு, கூடமெல்லாம் ஈ, வாடையோ சொல்லி முடியாது. ரசலையன் பாவம், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஜெபத்துக்கு எழும்பினார். அவர் எழும்பினார், கோட்டு எழும்பவில்லை. நானும் நேசம்மாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். கோட்டு வந்தது, கூடவே சுவரும் வந்தது. அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது என்ன நாத்தம்?" என்றாள். "நூறு முட்டையாக்கும்" என்று உள்ளதைச் சொன்னேன். காப்பியைத் தொடாமல் புறப்பட்டுப் போய்விட்டார்கள்.

பிறகு உம்முடைய கடிதத்தை நேசம்மாள் வாங்கிப் படித்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என்ன காரியம் செய்திய நீங்க! நூறுண்ணா எங்க பக்கத்துல சுண்ணாம்பாக்கும்! அண்ணன் நூறும் முட்டையும் கலக்கச் சொன்னா, நீங்க நூறு முட்டையையா கலக்குவிய?" ஓய், இது வெற்றிலை போடாத வீடு. உங்கள் மேற்கத்திப் பேச்சில் சுண்ணாம்புக்கு நூறு என்று பேர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கோட்டாற்றில் நூறு என்றால் தொண்ணூற்றொன்பதுக்கு அடுத்தது. நடுவில் ஒரு கால்புள்ளி வைத்தால் உம்முடைய மைக்கூடு வற்றிப்போகுமா?

லீலாபாய் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கோட்டு பிய்த்துக்கொண்டு வந்த இடத்தை மண் குழைத்துத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறாள். ஆகையால் இனி பக்குவம் என்று ஒரு வரி எழுதாதேயும், இந்த வீட்டு வாசலை மிதியாதேயும். உம்முடைய சம்சாரத்துக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸ்தோத்திரம். கர்த்தர் உம்மையும் காப்பாற்றுவார், அது அவர் சித்தம்.

இப்படிக்கு,
யோவேல்

பின்குறிப்பு: இதை அஞ்சலில் சேர்க்கப் புறப்படும்போது ரசலையனே வந்துவிட்டார், வேறொரு கோட்டில். "ஓய் யோவேலு, சுவத்த விடும். வாறவங்களுக்காக நூறு முட்டைய உடச்ச மனுசன், பெத்த பிள்ளைய எப்பிடிக் கொண்டாடி வளத்திருப்பாருண்ணு எங்க வீட்டுக்காரி சொல்லியாச்சு. எங்களுக்குச் சம்மதம்." லீலாபாய் உள்ளே அழுகிறாள், சந்தோஷத்தில்தான். நூறு என்றது சுண்ணாம்பு என்ற கதையை அவரிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். கலியாணத்துக்கு முன் அவர்கள் வீட்டுக் கூடத்துக்கும் உம்முடைய பக்குவம் வேண்டுமாம். நீரே நேரில் வந்து பூசுவீர் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், உடனே புறப்படும். சுண்ணாம்பு அவர்கள் வாங்கி வைப்பார்கள், முட்டை உம்முடைய பொறுப்பு. முட்டை எத்தனை வேண்டும் என்று ரசலையன் கேட்டார். நூறு என்று சொல்லியிருக்கிறேன்.