மாப்பிள்ளை வீட்டுப் பச்சோந்தி

இல்ஃபோர்ட்,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய தில்லையம்பலம் அவர்களுக்கு,

சம்பந்தி என்று எழுதக் கை துடிக்கிறது. தாலிக்குப் பொன்னுருக்கல் இன்னும் முடியவில்லை என்பதால் அடக்கிக்கொள்கிறேன். தாங்களும் தங்கள் பாரியாரும் கோலியர்ஸ் வுட்டில் சீரோடும் சிறப்போடும் இருக்க வேண்டுகிறோம். இங்கே நானும் நகுலேஸ்வரியும் மகள் மேனுஷாவும் சுகம். நாலாவது ஆளுக்குத்தான் சுகமில்லை.

தங்கள் மகன் கீர்த்தனனின் நட்சத்திரத்துக்கு லூயிஷாம் கோவிலில் நோய் தீர அர்ச்சனை நடந்ததாகச் செல்வமலர் அக்கா தங்களிடம் சொல்லியிருப்பா. அவவுக்குத் தெரிந்தால் லண்டன் முழுக்கத் தெரிந்த மாதிரி. பயப்பட வேண்டாம். மாப்பிள்ளை கந்தோர் வேலையாகச் சிங்கப்பூரில் நல்ல சுகமாக இருக்கிறார். அர்ச்சனை அவருடைய பச்சோந்திக்கு. ஐயர் பெயர் கேட்டார், ஸ்டீவ் என்றோம். நட்சத்திரம் கேட்டார். பச்சோந்தியின் நட்சத்திரம் யாருக்குத் தெரியும்? "வளர்க்கிறவரின்ரயைச் சொல்லுவம்" என்று நகுலேஸ்வரி மாப்பிள்ளையின் பூரட்டாதியைக் கொடுத்துவிட்டா.

இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் தாங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுக் கதைக்கிறவர். பாரியார் பக்கத்தில் இருப்பா, செய்தி அன்றைக்கே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன்.

தங்கள் பாரியாருக்கு அந்தப் பிராணியைக் கண்டால் நெஞ்சு படபடக்கும் என்பதால், மாப்பிள்ளை பயணம் போகும்போது கூடு, லைட், தண்ணீர் விசிறும் போத்தல், உயிரோடு துள்ளும் பூச்சிகள் அடைத்த பெட்டி எல்லாவற்றோடும் ஸ்டீவை எங்களிடம் விட்டுப் போனார். "மாமா, கவனமாப் பாருங்கோ" என்றார். அவர் என்னை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, நான் உருகிப்போனேன். இதுவரை பச்சோந்தி என்ற சொல்லை ஆட்களைத் திட்டுவதற்குத்தான் பாவித்திருக்கிறேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் இருந்து வந்தவர் என்றால் மரியாதை வேறு. வீட்டில் எல்லோரும் 'அவர்' என்றுதான் சொல்கிறோம்.

வந்த புதிதில் நன்றாகச் சாப்பிட்டார். நாக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, பூச்சியைக் காணோம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் வெள்ளியில் மச்சம் மாமிசம் கிடையாது. ஸ்டீவுக்கு மட்டும் விலக்கு ஏது? நகுலேஸ்வரி கீரையைப் பொடியாக அரிந்து வைத்தா. அவர் ஒரு கண்ணால் கீரையையும் மற்றக் கண்ணால் என்னையும் பார்த்தார். அன்றைக்கு வாயை மூடியவர்தான், சனிக்கிழமை பூச்சி கொடுத்தும் திறக்கவில்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தோம். மாப்பிள்ளை வீட்டாரின் கோபத்தை எப்படித் தீர்ப்பது? உபசரித்துத்தான். மூன்று பேரும் கூட்டைச் சுற்றி நின்று, நகுலேஸ்வரி பூச்சியை இடுக்கியில் பிடித்தபடி, "சாப்பிடுங்கோ, என்ன கூச்சம், உங்கட வீடு மாதிரி நினையுங்கோ, இந்த ஒண்டை மட்டும் எடுங்கோ" என்று மன்றாடினோம். அவர் கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டார்.

பூச்சி விற்கிற கடைக்காரரிடம் கேட்டால், "ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றால் சாப்பிடாது, விட்டுவிட்டுப் போங்கள்" என்கிறார். நகுலேஸ்வரிக்கு வந்ததே ஆத்திரம். "வந்த ஆளுக்குச் சாப்பாட்டை வைச்சிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறதோ? நாளைக்கு அவையள் என்ன சொல்லுவினம்?" கடைசியில் நான்தான் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, சவரக் கண்ணாடியில் பார்த்தேன். கண்ணாடிக்குள்ளாலும் அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் பச்சை போய் உடம்பு கறுத்து, மஞ்சளும் நீலமுமாகப் புள்ளி போட்டது. கண்ணூறுதான் என்று நகுலேஸ்வரி உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டா. புகை அலாரம் அலறியது. நான் துவாயை விசுக்கிக்கொண்டு ஓடி வந்ததில் பூச்சிப் பெட்டி காலில் தட்டுப்பட்டுக் கவிழ்ந்தது. அவை இப்போது பிரிஜ்ஜுக்குப் பின்னாலும் சாமிப் படங்களுக்குப் பின்னாலும் குடியிருந்து, நான் தேவாரம் தொடங்கினால் கூடவே பாடுகின்றன. கறிக்கு வைத்த கரட்டைத் தின்று ஒவ்வொன்றும் கொழுத்துவிட்டது. சாப்பிட வேண்டியவர்தான் சாப்பிடவில்லை.

சாப்பிடாத ஆளுக்கு வயிறு மட்டும் ஊதுகிறது. வாய்வாம், நகுலேஸ்வரி பெருங்காயம் கரைத்துக் கொடுக்கப் போகிறாவாம், நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். நாள் முழுக்கக் கூட்டைப் பிறாண்டிக்கொண்டு போக வழி தேடுகிறார். மேனுஷா பக்கத்தில் இருந்து, "அப்பா, ஸ்டீவுக்கு ஒண்டு நடந்தா கீர்த்தனனுக்கு நான் என்ன சொல்லுறது?" என்று கேட்கிறாள். எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது, ஐயா. நம்பித் தந்த ஒரு சீவனைப் பட்டினி போட்டுக் கொன்ற வீட்டில் பெண் எடுக்க எந்த மாப்பிள்ளைக்கு மனம் வரும்? கலியாணம் நின்றுபோனால் என் பிள்ளையின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? ஆகவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டுவந்து, அவரை உயிரோடு இருக்கும்போதே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். பாரியாருக்கு ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள்.

பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும். ஸ்டீவுக்கு எப்படியாவது பசி உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட,
க. சச்சிதானந்தன்

பின்குறிப்பு: ஒட்டிய கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடச் சப்பாத்துப் போடும்போது குசினிக்குள் நகுலேஸ்வரி கத்தின சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், கூட்டுக் கதவு திறந்து கிடக்க, ஸ்டீவ் அவவின்ர கறிவேப்பிலைச் சாடி மண்ணைத் தோண்டி முட்டை இட்டுக்கொண்டிருக்கிறா. ஓம், இட்டுக்கொண்டிருக்கிறா! மேனுஷா போனில் தேடிப் பார்த்துச் சொல்கிறாள், முட்டை இட முதல் இதுகள் சாப்பிடாதாம், வயிறு ஊதுமாம், நிறம் மாறுமாம், தோண்ட மண் தேடுமாம். ஆண் துணை இல்லாமலும் இடுமாம், குஞ்சு வராதாம். "வயித்துப் பிள்ளைக்காரியைச் சுத்தி நிண்டு என்ன பாடு படுத்திப்போட்டம்" என்று நகுலேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை என்றும் பாராமல், பிரிஜ்ஜுக்குப் பின்னால் பாடிக்கொண்டிருந்ததைத் தானே பிடித்து ஊட்டினா. ஸ்டீவ் ஒரே வாயில் விழுங்கினா.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். பிள்ளைப்பேற்றுக்கு வந்தவளை முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழியாமல் அனுப்பக் கூடாதாம், நகுலேஸ்வரி சொல்லுறா. பொன்னுருக்கலையும் அதுக்குப் பிறகு வைப்பமாம், துடக்கு வீடாம். கலியாணம் நிற்குமோ என்று நான் பயந்தது உங்களை நினைத்து, தள்ளிப்போட்டது என்ர மனிசி. துடக்கு எங்களுக்கோ, ஸ்டீவ் உங்கட வீட்டு ஆள் என்பதால் உங்களுக்கோ தெரியவில்லை. கோவிலுக்குப் போய் ஐயரிடம் ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ. கேட்கும்போது மட்டும் பக்கத்தில் செல்வமலர் அக்கா நிற்கிறாவோ என்று பாருங்கோ. கலியாணத்துக்கு முதலே எங்கட வீட்டில் பிள்ளைப்பேறு என்று அவ காதில் விழுந்தால், பிறகு எந்த நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தும் சரிவராது.