யோர்டிஸின் ஹெச்சைத் தேடிய கதை

மோல்டே, மார்ச் 14

அன்புத் தங்கை யோர்டிஸுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்கால் தவிர மற்றதெல்லாம் நலம்.

உன் பார்வை போனபின் என் கடிதங்களைக் கணினிதான் உனக்கு வாசித்தது. சென்ற மாதம் அதையும் நிறுத்திவிட்டாய். "ஹ்யோர்டிஸாம்! என் பேரையே கொல்லுது. முதல் வரியிலேயே அணைச்சுடுறேன்" என்றாய். நாற்பது வருடக் கடிதங்கள் ஓர் எழுத்தால் நிற்பதா என்று, அந்த வாசிப்பு நிரலைச் செய்கிறவர்களுக்கு எழுதினேன். நெதர்லாந்தின் க்ரோனிங்கனிலிருந்து மார்லூஸ் என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஹெச் போட்டுத்தானே எழுதியிருக்கு?"

"எழுதுவோம். நார்வேயில ஜே-க்கு முன்னால ஹெச் வந்தா சொல்ல மாட்டோம்."

"சொல்லாததை எதுக்கு எழுதுறீங்க? சரி, எங்க மூலநிரல் பொதுவிலதான் இருக்கு. இடத்தைக் கண்டுபிடிச்சு நீங்களே திருத்தி அனுப்புங்க. இங்க யாருக்கும் சம்பளம் கிடையாது."

அறுபத்தொரு ஃபோல்டர்கள், யோர்டிஸ். 'மொழி' என்பதைத் திறந்தால், விதிகள் இடம் மாறிவிட்டன என்று ஒரு குறிப்பு மட்டும். 'மையம்' என்பதில் மையம் தவிர எல்லாம் இருந்தது. ஒருவழியாக 'நார்வே' கிடைத்து, ஒன்பது நாள் உட்கார்ந்து திருத்தினேன். நிரலை மறுபடி ஓட்டும்போதெல்லாம் திருத்தம் மாயமாகிவிடும். மார்லூஸைக் கூப்பிட்டேன்.

"ஹால்வார்ட், அது ஒவ்வொரு தடவையும் மிஷின் புதுசா எழுதுற நகல். தொடாதேன்னு முதல் வரியிலேயே போட்டிருக்கே!"

"நான் நிருபர், அம்மா. தொடாதேன்னு போட்டிருந்தா அதைத்தான் முதல்ல தொடுவேன்."

அவள் சிரித்துவிட்டு, "குரல் வர்ற இடத்திலேர்ந்து பின்னாடி போங்க. ஒவ்வொண்ணுகிட்டயும் உனக்கு யார் சொன்னதுன்னு கேளுங்க" என்றாள்.

முப்பத்தெட்டு வருடம் நான் செய்த வேலையே அதுதானே! ஒலி உச்சரிப்பைக் காட்டிக் கொடுத்தது, உச்சரிப்பு விதிப் பட்டியலைக் காட்டிக் கொடுத்தது. நான்காவது ஃபோல்டரில் ஹெச் பிடிபட்டது. அதைச் சொல்லாதே என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். மார்லூஸ் ஏற்றுக்கொண்டாள். இன்று காலை வந்த புதிய பதிப்பு உன் கணினியிலும் தானாக ஏறியிருக்கும். தயவுசெய்து அணைக்காமல் கேள்.

உனக்கும் உன் பூனைக்கும் என் அன்பு.

உன் அண்ணன்,
ஹால்வார்ட்

பி.கு. அனுப்புமுன் என் கணினியில் இதை ஓடவிட்டுக் கேட்டேன். உன் பெயர் பழுதில்லாமல் வந்தது. முடிவில் "உன் அண்ணன், ஆல்வார்ட்" என்றது. ஜே-க்கு முன்னால் வரும் ஹெச் மட்டும் என்று எழுதவேண்டிய இடத்தில் வெறும் ஹெச் என்று எழுதியிருக்கிறேன். நாட்டிலுள்ள அத்தனை ஹெச்சும் போய்விட்டது. "திங்கட்கிழமைதான் சரிபண்ண முடியும். அதுவரைக்கும் நீங்க ஆல்வார்ட்தான்" என்கிறாள் மார்லூஸ். பரவாயில்லை, கடிதம் உனக்குத்தானே. அப்படியே அனுப்புகிறேன்.